நாலாவது வீட்டுக்காரி

"நல்ல வேளை கண்ணு, நீ சொன்னே. இல்லீன்னா எங்க ஊட்டுப் பொடுசுகளுக்கெல்லாம் ஒட்டியிருக்கும்" என்று பூவாத்தாள் காப்பி டம்ளரை நீட்டினாள். நித்யஸ்ரீ வாங்கிக்கொண்டாள். எதைச் சொன்னோம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் கேட்டாள்.

"அதான், நாலாவது ஊட்டுக்காரிக்குக் காசநோய்னு."

"நான் அப்படிச் சொல்லலீங்களே. சளி டெஸ்டுக்கு எடுத்திருக்கேன்னுதானுங்க..."

"ரெண்டும் ஒண்ணுதான் போ. சண்டை கிண்டை ஒண்ணுமில்லை, மருவாதியாத்தான் சொன்னோம். ஞாயித்துக்கெழமை சாமானத்தை ஏத்திக்கிட்டுப் போயிட்டா."

பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் அந்த லைன் வீடுகள் பூவாத்தாளுடையவை. கோயமுத்தூரில் பொதுச் சுகாதாரம் படிக்கும் நித்யஸ்ரீ, களப்பணிக்காகப் போன வாரம் அங்கே வீடு வீடாக இருமலைப் பற்றி விசாரித்துக்கொண்டு போனாள். நாலாவது வீட்டு விஜயராணி மட்டும் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவள். மாசக்கணக்காக இருமலாம். சளி டப்பாவை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள், "வெளிய தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்கம்மா" என்றாள். யாருக்கும் தெரியாதுக்கா, என்னை நம்புங்க என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் நித்யஸ்ரீ வெளியே வந்தாள்.

வந்தவளைப் பூவாத்தாள் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எந்த ஊர் கண்ணு என்றாள். ஊத்துக்குளி என்றதும் யார் தோட்டம், அம்மாவைப் பெத்த அப்புச்சி பேர் என்ன, அம்மா பொறந்தது எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் தான் அவளுக்கு அம்மாயி, அம்மா வழிப் பாட்டி முறை என்று கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் தட்டில் முறுக்கு வந்தது. நம்ம புள்ளை நம்மகிட்ட மறைக்குமா என்கிற குரலில், யாருக்காச்சும் ஏதாச்சும் இருக்குதா என்று அம்மாயி கேட்டபோது, இல்லீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரீட்சையில் நோயாளியின் ரகசியம் பற்றி இரண்டு பக்கம் எழுதியவள்தான். ஆனால் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து, விஷயம் தெரிந்தவளாகப் பேசுவதில் ஒரு சுகம் இருந்தது. பயப்பட ஒண்ணுமில்லீங்க, நாலாவது ஊட்டு அக்காவுக்குத்தான் சளி டெஸ்டுக்கு எடுத்திருக்கேன், என்றாள்.

இப்போது முடிவு வந்திருந்தது. காசநோய்தான். மாத்திரையை உடனே தொடங்க வேண்டும். விஜயராணி கொடுத்த நம்பர் காலையிலிருந்து அணைந்தே கிடந்தது.

"இனி யாருக்கு இருந்தாலும் மொதல்ல அம்மாயிகிட்டச் சொல்லிப்போடோணும்" என்றாள் பூவாத்தாள். இல்லீங்க, சொல்ல மாட்டேன் என்று நித்யஸ்ரீயின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கினாள்.

நாலாவது வீட்டுக்குள் ஒரு ஆள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளும் விஜயராணி ஊர்க்காரிதான். அக்கா எங்கே போனார்கள் என்று நித்யஸ்ரீ கேட்டாள். வீரபாண்டிப் பக்கம் என்றாள் அவள், முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"வேற நம்பர் இருக்குதுங்களா?"

"எதுக்கு? அங்கயும் வந்து சொல்லவா?"

நித்யஸ்ரீக்கு முகம் எரிந்தது. "மாத்திரை குடுக்கோணுங்க. சாப்பிடலைன்னா உசுருக்கே ஆபத்துங்க."

"அதக் கதவச் சாத்திக்கிட்டுல்ல சொல்லணும்" என்று வாசலைச் சுற்றிக் கண்ணைக் காட்டினாள் அவள். அடுத்தடுத்த வீடுகளில் பேச்சு நின்றிருந்தது. "இங்க யாருக்கும் இருமல் இல்லம்மா. எழுதிட்டுக் கிளம்பு."

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள் பாயில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். துண்டைச் சுருட்டி வாயில் அழுத்தியிருந்தான். தோள்கள் குலுங்கின. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கோத்திருந்தது. அந்தக் கண் நித்யஸ்ரீயைப் பார்த்தபடியே, அவள் எப்போது போவாள் என்று காத்திருந்தது.

அவள் திரும்பி நடந்தாள். பிறகு வேகமாக நடந்தாள். பாதிக்கு மேல் ஓடினாள். கேட்டைத் தாண்டிச் சாலையில் கால் வைத்த பிறகுதான் பின்னாலிருந்து அந்த இருமல் வெடித்துக் கிளம்பியது. நெடுநேரம் அது நிற்கவில்லை.