பாறைமேல் ஐந்து சேலை

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். கோவளம் தாண்டிக் கடலோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஒரு பாறை வரும். நடுவில் ஓட்டை விழுந்து வாசல் மாதிரி நிற்கும். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளெல்லாம் போட்டோவுக்கு அங்கேதான் ஓடுகிறார்கள். பூஜாவுக்கும் அந்த ஆசை இருந்தது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். மாப்பிள்ளை அஸ்வினோடு பேசியதெல்லாம் போனில்தான். அதுவும் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிடும். இன்றைக்காவது இந்த மனுஷன் கடையை மறந்து தன்னைப் பார்ப்பானா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மறப்பதாவது. அவனோடு அவன் அம்மா தங்கபுஷ்பம் வந்தாள், பெட்டியில் ஐந்து பட்டுச்சேலைகளும் வந்தன. தி. நகரில் அவர்களுக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை. சேலைகள் தனக்குத்தான் என்று நினைத்து பூஜா வெட்கப்பட்டது உண்மை. வந்த வேனுக்குள்ளேயே முதல் சேலையைக் கட்டும்போது விலைச் சீட்டு இடுப்பில் குத்தியது. பிய்க்கப் போனவளின் கையைத் தங்கபுஷ்பம் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்மா. நாளைக்கு மறுபடி ரேக்குல அடுக்கணும்லா."

சவுக்குத் தோப்பு வழியாக மணலில் கால் புதையப் புதைய நடந்தார்கள். வழி முழுக்க அஸ்வின் பின்னாலேயே வந்து சேலை தரையில் படாமல் தூக்கிப் பிடித்தான். கரிசனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பைத்தியக்காரி, வேறென்ன சொல்ல.

பாறை அழகுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஈர விளிம்பில் அவளை நிறுத்தினான் போட்டோகிராபர் ஆரோக்கியராஜ்.

"கடல பாக்காதீங்க மேடம், சாரப் பாருங்க."

அவள் அஸ்வினைப் பார்த்தாள். அவன் பார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு அலை ஏறி வந்தது. கால் வழுக்கி, பூஜா கையை நீட்டினாள். அஸ்வின் பாய்ந்துதான் வந்தான். வந்தவன் நீட்டிய கையை விட்டுவிட்டு, முந்தானையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். பத்து வயதிலிருந்து கடையில் நின்ற கை, பழகியதைப் பிடித்தது. முழங்கால் பாறையில் மோத, அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"முந்தில தண்ணி படலம்மா," என்றான் அவன் தன் அம்மாவிடம், மூச்சு வாங்க.

"என் கையப் பிடிச்சிருக்கலாமே."

அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "நீ எந்திரிச்சிருவ பூஜா. ஜரிகையில உப்புத்தண்ணி பட்டா கருத்துப் போயிரும்."

"அந்த ஷாட் செமயா வந்துக்கீது சார்," என்றான் ஆரோக்கியராஜ்.

பூஜாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் காட்டுவது? ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இன்னும் நாலு சேலை பாக்கி இருந்தது.

பாறைக்குப் பின்னால் துணியை மறைப்பாகக் கட்டி, தங்கபுஷ்பம் அவளை உள்ளே கூட்டிப்போனாள். முழங்காலில் வழிந்த ரத்தத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள்.

"வலிக்கா?"

பூஜா முழங்காலை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு நா நான் கடையில ஏணியிலருந்து விழுந்தேன். கை நிறைய சேலை. உங்க மாமா ஓடி வந்தாவ. மொதல்ல சேலையத்தான் பொறுக்கினாவ." அடுத்த சேலையை உதறி விரித்தாள். "அஸ்வினுக்கு மூத்தது ஒண்ணு வயித்துல இருந்துச்சு. அன்னைக்குத்தான் போச்சு."

பூஜா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம்கூட மிச்சமில்லை.

"பழகிரும்மா," என்றாள் தங்கபுஷ்பம், ஆறுதலாக. "மூச்ச இழுத்துப் பிடி. கொசுவம் சொருகணும்."

பூஜா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.