அரைக் கட்டை இறக்கம்

நாளெல்லாம் "பிரேக், பிரேக்" என்று கத்தித் தன் உயிரையும் அடுத்தவர் உயிரையும் காப்பாற்றுகிற மனிதரிடம் சாயங்காலம் பாட்டை எதிர்பார்ப்பது பேராசைதான். ஆனால் அண்ணன் பாடினார். டிரைவிங் ஸ்கூலில் கடைசி மாணவரை இறக்கிவிட்டு வந்து, வீட்டு மாடி அறையில் மைக்கைப் பிடித்தாரென்றால் வேறு ஆள். அவருக்கென்றே ஒரு பாட்டு இருந்தது. அதன் கடைசிச் சரணத்தில் குரலை உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துவார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பெருமை தாங்காமல் மறுநாளும் இரண்டு மாணவர்களைக் கூடுதலாகத் திட்டுவார்.

பாட்டுக் குழு முக்கால்வாசி குடும்பம்தான். அண்ணிக்கு பேஸ் கிட்டார். அடுத்த தெரு டெய்லருக்கு ட்ரம்ஸ். லீட் கிட்டார் அண்ணனின் தங்கை பாப்பாவுக்கு. நாற்பதைத் தாண்டி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிற வேலையில் பெயரெடுத்தும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான்.

டிரைவிங் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்தபோது அந்த உச்சியில் அண்ணனின் குரல் உடைந்தது. மறுபடி பாடினார், மறுபடியும் உடைந்தது.

"சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கலாமே" என்றாள் அண்ணி, பட்டும் படாமலும்.

"இறக்குங்க. அன்னிக்கோட நான் பாடறதை நிறுத்திடறேன்" என்றார் அண்ணன்.

பாப்பாவும் சும்மா இருந்திருக்கலாம். "என் கிட்டார்ல அதெல்லாம் சுலபத்துல நடக்காது அண்ணி" என்று தன் பங்குக்கு ஒரு போடு போட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த எலக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டியதல்ல. முன்னால் ஆறு தந்திகள் இழுக்க, முதுகுப் பக்கம் உள்ளே ஸ்பிரிங்குகள் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் மிதக்கிற பிரிட்ஜ் அது. ஒரு தந்தியைத் தளர்த்தினால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும். பிரிட்ஜ் பின்னால் சாயும், மற்ற ஐந்தும் சுருதி ஏறிக்கொள்ளும். அவற்றை இறக்கப்போனால் முதலில் இறக்கியது ஏறி நிற்கும். போதாக்குறைக்குக் கழுத்தின் நுனியில் தந்திகளை அசையவிடாமல் கவ்வுகிற பூட்டு வேறு. அதைத் திறக்க அறுகோண முனையுள்ள ஆலன் கீ வேண்டும். பிரிட்ஜிலிருந்து நீட்டியிருக்கும் கைப்பிடியை அழுத்தித் தந்திகள் தொளதொளக்கும் வரை வளைத்தாலும் விட்டதும் சுருதிக்குத் திரும்பிவிடுமே, அந்தச் சுகத்துக்காக இத்தனை பிடிவாதத்தையும் பாப்பா பொறுத்துக்கொண்டாள். பிடிவாதம் அவள் வீட்டுக்குப் புதிதா என்ன.

விழா நெருங்கியது. அண்ணனிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்த அத்தனை பேரும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் குரல் உடைந்தால் அவர் இனி மைக்கைத் தொட மாட்டார். இறக்கச் சொன்னாலும் தொட மாட்டார். அண்ணன் பாடாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விழா மண்டபத்தில் மேடையை ஒட்டிய சின்ன அறையில் பெட்டியைத் திறந்தவள் திடுக்கிட்டாள். கிட்டாரின் தலைப்பகுதியில் தந்திகள் சுருள் சுருளாக அவிழ்ந்து கிடந்தன. யாரோ முறுக்காணிகளைத் திருகியிருக்கிறார்கள்.

"டெய்லர், இதுல கை வச்சீங்களா?"

"நான் எதுக்கும்மா தொடறேன்? இதைப் பார்த்தாலே எனக்குப் பயம்" என்றார் டெய்லர், ட்ரம்ஸைப் பொருத்திக்கொண்டே.

தந்திகளை மீட்டிப் பார்த்தாள். சுருதி இம்மி பிசகவில்லை. பிசகாது. பூட்டுக்கு மேலே என்ன திருகினாலும் கீழே அசையாது. யாரோ பாவம், தெரியாமல் திருகித் திருகி ஓய்ந்திருக்கிறார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மறுபடி உற்றுப் பார்த்தாள்.

விளையாட்டாகத் திருகுகிறவர் ஒன்றை இறுக்குவார், ஒன்றைத் தளர்த்துவார். இங்கே ஆறும் தளர்ந்திருந்தன. ஒன்றுகூட இறுக்கப்படவில்லை. இந்தக் கிட்டார் இறங்க வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். காலையில் எல்லாச் சாமான்களையும் காரில் ஏற்றியது யார்? "நீங்கல்லாம் மெதுவா வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்று என்றைக்கும் இல்லாத அக்கறையோடு முன்னால் கிளம்பியது யார்?

கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். முதல் வரிசையில் டிரைவிங் ஸ்கூல் முதலாளி பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து, வெறுப்பாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. வீராப்புப் பேசிய மனிதர், யாருக்கும் தெரியாமல் தோற்கப் பார்த்து அதிலும் தோற்றிருக்கிறார். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பார், முடியாது என்று இவளல்லவா முந்திக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, பேஸை அரைக் கட்டை இறக்குங்க."

"உங்க அண்ணன் கொன்னுடுவார்."

"மாட்டார். என்னை நம்புங்க."

மேடையில் முதலாளி பேச ஆரம்பித்தார். மைக் கிடைத்தால் லேசில் விடாத மனிதர். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அவர் வாயைச் சபித்த பாப்பா இன்று அது நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல் விசிட்டிங் கார்டுகளை அடுக்கி, பிரிட்ஜ் சாயாதபடி அதன் பின்பக்கத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். அவிழ்ந்ததையெல்லாம் சுற்றி ஏற்றிக்கொண்டு பூட்டைத் திறந்தாள். ஆறையும் அரைக் கட்டை இறக்கினாள். அப்புறம் முதுகு மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிய விரல்களுக்கு இது பெரிய காரியமில்லை. முட்டுக்கொடுத்த கார்டுகள் தானாக நழுவி விழுந்தபோது பிரிட்ஜ் நேராக நின்றது.

"என்னோடது எப்பவோ முடிஞ்சுது" என்றாள் அண்ணி. "நீ இன்னும் ரிப்பேர்தான் பண்றியா?"

பூட்டை இறுக்கவும் இவர்களைக் கூப்பிடவும் சரியாக இருந்தது.

பாப்பா முதல் தந்தியைத் தட்டியதுமே மைக் முன்னால் நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்தார். காது கெட்டிக்காரக் காது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் அவரைப் பார்க்கத் துணிவில்லாமல் தந்திகளையே பார்த்தாள். பாட வேண்டிய இடம் வந்தது. அவர் வாய் திறக்கவில்லை. டெய்லர் சமாளித்து இன்னொரு சுற்று அடித்தார். இறங்கிப் போய்விடுவாரோ என்று பாப்பா பயந்தாள்.

அண்ணன் பாடினார். கடைசிச் சரணத்தில் குரல் உச்சிக்குப் போய் அசையாமல் நின்றது. மண்டபம் கைதட்டி ஓய வெகுநேரமானது.

"ஒரு நிமிஷம்" என்றார் மைக்கில். "எப்பவும் பாடறதைவிட இன்னிக்கு அரைக் கட்டை கீழ. மேல போக இப்ப தொண்டை வரமாட்டேங்குது. மேடு வந்தா கியரைக் குறைங்க, குறைங்கன்னு உங்ககிட்ட கத்தித்தான் அது போச்சு. நான் குறைக்கறதுக்குத்தான் இவ்வளவு நாளாயிடுச்சு."

முதல் வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு கடைசி வரை போனது. அண்ணன் பாப்பா பக்கம் குனிந்தார்.

"அடுத்த பாட்டுக்கு இன்னொரு அரை இறக்கு."

"இப்பவா? மொத்தத்தையும் அவுக்கணும்ணா."

"அவு. அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டிருக்கேன்."

அவள் மேடையிலேயே உட்கார்ந்து கிட்டாரைக் கவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். அண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னிக்குக் காலைல என்ன பண்ணேன் தெரியுமா? வீட்ல யாரும் பார்க்காத நேரமா, என் தங்கச்சியோட கிட்டார் பெட்டியைத் திருடன் மாதிரி திறந்தேன்..."

காற்றில் இல்லாத ஆணியைத் திருகிக் காதைச் சாய்த்துக் கேட்டார், முழித்தார், மறுபடி திருகினார். அண்ணி பேஸ் கிட்டாரைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். சிரித்த சிரிப்பில் பாப்பாவுக்கு ஸ்க்ரூ எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.