உலுக்கச் சொன்னவள்

லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கை மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியின் இரண்டு லிஃப்ட்டுகளும் நன்றாகத்தான் ஓடின. ஆனால் அவற்றில் ஏறினால் சட்டென்று மேலே போய்விடும். படியில் போனால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுடைய அண்ணன் மகள் நினைவில்லாமல் கிடந்தாள். ஒன்பது வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக அண்ணி போனில் சொன்னாள். அதைக் கேட்டபோது தங்கைக்கு அழுகை வரவில்லை. இது யாரால் வந்தது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

அவள் யூனிஃபார்ம் தைக்கும் பட்டறையில் காலர் வைப்பவள். மதியச் சாப்பாடு முடிந்ததும் துணிக்கட்டுகள் அடுக்கிய பின்னறையில் மூன்று பெண்கள் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். இவள், பட்டன் வைப்பவள், கட்டிங் மாஸ்டரின் மனைவி. முதலில் முழங்கால், அப்புறம்தான் வாய் என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன், அவருக்காகக் கடவுளிடம் கேட்டுக் கேட்டு அவர் மனதை இளக வைக்க வேண்டும். வாயை முந்தவிட்டால் காரியம் கெட்டுப்போகும். பட்டன் வைப்பவள் தன் மாமியாரை எடுத்துக்கொண்டாள். அந்தத் தைரியம் எல்லோருக்கும் வராது. இவள் அண்ணனை எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் லேசில் மசிகிற ஆள் இல்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு இவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் அவன். கல்யாணத்துக்குப் பின் இவள் ஞானஸ்நானம் எடுத்தபோது சண்டை போடவில்லை. "ஒரு நாள் லீவு, அதுலயும் தூங்க விடாத சாமியப் புடிச்சிருக்கியே" என்று சிரித்ததோடு சரி. இவளுக்கு நாற்பது தாண்டியும் அவனுக்குப் பாப்பாதான். "பாப்பா, கயிறு அறுந்தாக்கூட லிஃப்ட்டு கீழ விழாது. அதுக்குத் தனியா பிரேக் இருக்கு. அத மாட்டுறவன் நான். எனக்கு மேல ஒருத்தன் எதுக்கு?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழுவாள். தனக்குச் சோறு போட்டவன் தான் போகும் இடத்துக்கு வராமலே போய்விடுவானோ என்பது அவளுக்கு விளையாட்டு இல்லை. அண்ணன் இல்லாத பரலோகத்தில் நான் போய் யாரோடு பேசுவது என்று ஒருமுறை கடவுளிடமே கேட்டிருக்கிறாள்.

வருஷக்கணக்காக ஒரே ஜெபம். கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. போன வாரம் கட்டிங் மாஸ்டரின் மனைவி பொறுமை இழந்தாள். "நீ பட்டும் படாம கேக்குற. உங்கண்ணன் எதுல சாஞ்சு நிக்கிறாரோ அத உலுக்கச் சொல்லு. விழுந்தாத்தான் மனுஷன் மேல பாப்பான்" என்றாள். சரியென்றுதான் பட்டது. அன்று துணிக்கட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு இவள் சத்தமாகக் கேட்டாள். ஆண்டவரே, எதைத் தொட்டால் அவன் உம்மைக் கூப்பிடுவானோ அதைத் தொடும், எதுவானாலும் சரி. மற்ற இருவரும் ஆமென் என்றார்கள். பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. அன்று சாயங்காலம்வரை ஒரு காலர்கூடக் கோணவில்லை. வேலை போகும், முதுகுவலி வரும், அந்த மட்டில்தான் அவள் யோசித்திருந்தாள். கடவுளுக்கே யோசனை சொல்லுகிற மாதிரி, கொஞ்சநாள் வேலை இல்லாமல் இருந்தால் போதும் என்றுகூட நினைத்தாள். அண்ணன் எதில் சாய்ந்து நிற்கிறான் என்பது அவனை ஒருநாள் பார்த்தவனுக்கும் தெரியும். வேலை முடிந்து வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் வாலுவைத் தோளில் தூக்கி, அண்ணியிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது. அது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைபேசி அதிர்ந்தது. கிளம்பும்போது குழந்தையைப் பற்றிச் சொன்னதற்குக் கட்டிங் மாஸ்டரின் மனைவிதான் எழுதியிருந்தாள். விசுவாசமாக இரு, உன் ஜெபத்தைக் கேட்டுக் கர்த்தர் கிரியை செய்ய ஆரம்பித்துவிட்டார், உன் அண்ணன் இனித் தப்ப முடியாது. தங்கை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். அன்பாகத்தான் எழுதியிருந்தாள். அழுதுகொண்டேகூட எழுதியிருப்பாள். இந்தக் குழந்தைக்கு நல்லது நினைக்கிறவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் இத்தனை நாளாக யாருக்கும் கேட்காத இடத்தில் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்துவிட்டோமே, ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாரே என்று நினைத்ததும் கைபேசியை அணைத்தாள். கேட்கப்படாத ஜெபம் அவளுக்குப் பழகியிருந்தது. கேட்கப்பட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நடைவழியில் அண்ணி குழந்தையின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அண்ணன் வேலையுடுப்பிலேயே நின்றிருந்தான். கிரீஸ் படிந்த விரல்களைத் துடைக்காமல் விட்டிருந்தான். இவள் வந்ததும் கையைப் பிடித்து, நடைவழியின் கோடியில் இருந்த ஜன்னலோரம் கூட்டிப்போனான்.

"பாப்பா, நீ ஜெபம் பண்ணுவல்ல. இப்பப் பண்ணு."

சொல்லிவிட்டு அவன் கையைக் குவித்தான். குவிக்கத் தெரியவில்லை. ஸ்பானரைப் பிடிப்பதுபோல ஒரு கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டான். இதைப் பார்க்கத்தான் அவள் இத்தனை வருஷம் முழங்கால் தேயக் காத்திருந்தாள். இதைப் பார்க்கும் நாளில் சந்தோஷத்தில் அழுவேன் என்று நினைத்திருந்தாள். இப்போது ஓடிவிடலாம்போல இருந்தது.

"என்ன நிக்குற?"

"அண்ணா, இது என்னாலதான் வந்துச்சு."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். பின்னறை, துணிக்கட்டு, உலுக்கச் சொன்னது, எல்லாவற்றையும் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஓர் அறை விட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவனோ, கூட வேலைசெய்பவன் எந்த ஒயரில் கைவைத்தான் என்று விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டான்.

"என்ன வார்த்த சொன்ன? அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னாள்.

"புள்ள பேரச் சொன்னியா?"

"இல்லண்ணா. சத்தியமா இல்ல."

"எதுன்னாலும்னு சொல்லிட்ட."

"ஆமா."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "இதெல்லாம் நான் நம்புறதில்ல" என்றான். பிறகு, "கேட்டத வாபஸ் வாங்க முடியுமா?" என்று கேட்டான்.

வேறு யாராவது கேட்டிருந்தால் அவள் பதில் வைத்திருந்தாள். கடவுள் அப்படிப்பட்டவர் இல்லை, அவர் குழந்தைகளைக் காட்டி மிரட்டுகிறவர் இல்லை என்று பட்டன் வைப்பவளுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"தெரியலண்ணா."

"எனக்கு அவர்கிட்ட பேசத் தெரியாது. உன்னத்தான் தெரியும். கேளு. என் முன்னாடி சத்தமாக் கேளு. ஒவ்வொரு வார்த்தையும் என் காதுல விழணும்."

கண்ணை மூடினாள். மூடியதும் இருட்டில் யாரோ மிகப் பக்கத்தில் வந்து நிற்பதுபோலத் தோன்றியது. பயந்து திறந்துகொண்டாள். "ஆண்டவரே" என்றாள். நோயாளிக்காகக் கேட்கும்போது அடுத்து வருவது தொடும் என்ற வார்த்தைதான். அதைத்தான் அன்றும் சொல்லியிருந்தாள். உம்முடைய சித்தம் என்று ஆரம்பிக்கலாம் என்று பார்த்தாள். அதற்கு இன்னும் பயமாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த ஜெபம் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மூலையில் எதுவானாலும் சரி என்று எழுதியிருப்பதுபோல இருந்தது. அவள் அடுத்த வார்த்தையைத் தேடினாள்.

பின்னால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்து, குழந்தையோட ஆளுங்க யாரு என்று கேட்டாள். அண்ணி மடியிலிருந்த செருப்புகள் தரையில் விழ எழுந்து ஓடினாள். அண்ணன் திரும்பவில்லை. பொத்திய கை பொத்தியபடியே இருக்க, கண்ணை இமைக்காமல் தங்கையின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.