சுய முன்னேற்றக் கவர்

காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளருக்கு அலுவலகத்தில் ‘பிளான் மாஸ்டர்’ என்று பெயர். அடுத்தவர் சம்பளத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பண மேலாண்மை வகுப்புக்குப் போனவர், ஒரு கட்டு வெள்ளைக் கவர்களோடு வீடு திரும்பினார்.

“ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கவர். கவர் காலியானா செலவு முடிஞ்சுது. இனிமே நம்ம வீட்டுல பணம் தண்ணியா ஓடாது,” என்றார்.

அவர் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். இத்தனை வருடமும் குடும்பம் அவளுடைய மனக்கணக்கில்தான் ஓடியது. கடன்காரன் எவனும் வாசல்படி ஏறியதில்லை. ஆனால் அதை யாரும் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தராததால், அதுவும் ஒரு முறை என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இருவர் சம்பளத்தையும் மேசையில் கொட்டி, மளிகை, மின்சாரம், மருந்து, மராமத்து, எதிர்பாராதது என்று பிரித்துப் போட்டார். குடும்பக் கூட்டம் கூட்டாமல் ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்கு நயா பைசா போகக்கூடாது என்பது சட்டம். கூட்டத்துக்கு அவரே தலைவர்.

இரண்டாவது வாரத்திலேயே குளியலறைக் குழாய் உடைந்து கூடம்வரை வெள்ளம் வந்தது. பிளம்பர் வந்து வால்வை மூடிவிட்டு, புதுக் குழாய்க்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். மராமத்துக் கவரில் அதில் பாதிகூட இல்லை.

“எதிர்பாராததுல எடுங்க,” என்றாள் மனைவி, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு.

“அது எப்படி? குழாய் பழசு. உடையும்னு நீயே போன வருஷம் சொன்னே. அப்போ எதிர்பார்த்ததுதானே?”

பிளம்பர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க பேசி முடிங்க சார். நான் அடுத்த தெருவுல ஒரு வேலைய முடிச்சிட்டு வந்துடறேன்.”

அவர் போனதும் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். எல்லாக் கவரையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். அடியில் ஒன்று மட்டும் நன்றாகப் பருத்திருந்தது. மேலே ‘சுய முன்னேற்றம்’ என்று எழுதியிருந்தது.

“இது யாரோட முன்னேற்றம்?”

“அடுத்த நிலை வகுப்பு இருக்கு. அதுக்குக் கட்டணம்,” என்றார் அவர், குரலைச் சற்று இறக்கி.

“என் பேர்ல ஒண்ணும் காணோமே.”

“வீட்டுக்குச் செய்யறதெல்லாம் உனக்குத்தானேம்மா?”

பிளம்பர் திரும்பி வந்தபோது அவள் அந்தக் கவரைப் பிரித்துத் தன் கையாலேயே பணத்தை எண்ணிக் கொடுத்தாள். குளிக்கத் தண்ணீர் வருவதும் முன்னேற்றம்தான் என்று ஒரே வரியில் கூட்டத்தை முடித்துவைத்தாள். தலைவர் ஆட்சேபம் தெரிவித்தார். அதைக் கேட்க ஆள் இல்லை.

அடுத்த மாதம் முதல் தேதி, மேசையில் அவருடைய சம்பளம் மட்டும்தான் இருந்தது.

“உன்னோடது?”

“பேங்க்லயே இருக்கு. அது என் கவர்.”

அவர் கவர்களை நிரப்ப உட்கார்ந்தார். வீட்டுக் கடன் தவணை போனது, மின்சாரம் போனது. மளிகைக்கு வரும்போது கையில் சில்லறை நோட்டுகள்தான் மிஞ்சின. மறுபடி எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்தார். எப்படிப் பிரித்தாலும் மருந்தும் பாலும் வெளியே நின்றன. தன் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு அது பாதி மாதம்கூடத் தாண்டாது என்பது அன்றுதான் உறைத்தது. வியர்த்துப்போய் வகுப்பு நடத்தியவருக்கு ஃபோன் போட்டார். அவர், “வருமானத்துக்கும் ஒரு கவர் போட்டுப் பாருங்க சார்,” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

பிளான் மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்று, “நீயே முன்ன மாதிரி பார்த்துக்கயேன்,” என்றார்.

“பார்த்துக்கறேன். முதல்ல எனக்கு எடுத்து வச்சுட்டுத்தான் மத்ததெல்லாம். சரியா?”

“சரி.”

அந்த வாரமே அவள் தனக்கு நல்லதாக ஒரு ஜோடி ஷூ வாங்கினாள். மருத்துவமனையில் நாள் முழுக்க நின்று வீங்கிய கால்களுக்கு. விலையை அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை.

அலுவலகத்தில் மட்டும் பிளான் மாஸ்டர் இன்றும் புதிதாகச் சேருகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறார். “எங்க வீட்டுல நான் ஒரு புது முறை கொண்டுவந்தேன் பாருங்க, அதுலேர்ந்து ஒரு பிரச்சினையும் இல்ல.”