ஐந்து எம்பிக்குள் மாமனார்

முப்பத்தொரு வருடம் நாற்சந்தியில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்ட போக்குவரத்துக் காவலர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. தண்ணீர் கேட்டால்கூட ஒரு கை நிறுத்தும், மறு கை கூப்பிடும். விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டும் எடிட்டரான மருமகளுக்கு மாமனாரின் கைகளால் அதுவரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உயிரோடு இருப்பதற்குச் சான்றாக வீடியோ அனுப்ப வேண்டுமாம். பத்து நிமிடத்துக்கு ஒரு நொடிகூடக் குறையக் கூடாது. கோப்பு ஐந்து எம்பியைத் தாண்டக் கூடாது.

“பத்து நிமிஷம் உயிரோட இருந்தா போதுமாமா?” என்று மாமியார் கேட்டார்.

மருமகள் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஐந்து எம்பி என்பது நாற்பதாயிரம் கிலோபிட். அறுநூறு நொடிக்குப் பங்கு போட்டால் நொடிக்கு அறுபத்தாறு. படத்தையும் குரலையும் சேர்த்துக் கட்டும் கோப்பின் மேலுறைக்கு இரண்டைக் கழித்தால் மிச்சம் அறுபத்து நான்கு. குரலுக்குப் பதினாறு, படத்துக்கு நாற்பத்தெட்டு.

“பத்துமா?” என்றார் மாமனார்.

“ஆடாம அசையாம இருந்தா பத்தும் மாமா. அசையற இடம்தான் பிட்டையெல்லாம் தின்னுடும்.”

தலையாட்டினார். கேமரா ஓடத் தொடங்கியதும் நிற்காமல் போன லாரியை ஒற்றை ஆளாக மடக்கிய கதையை இரண்டு கையாலும் சொன்னார். சுருக்கிப் பார்த்தபோது முகம் கட்டம் கட்டமாக உதிர்ந்து கிடந்தது. அனுப்பிவைத்தாள். பதில் வந்தது: ‘செங்கல் சுவர் பேசுகிறது. பயனாளியைக் காணோம். மீண்டும் அனுப்பவும்.’

இரண்டாம் தடவை கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். மூச்சைக்கூடச் சிக்கனமாகத்தான் விட்டார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சவரம் செய்தபோது பட்ட கீறல்கூடத் தெரிந்தது. பதில்: ‘புகைப்படம் ஏற்கப்பட மாட்டாது.’

“ஆடாதீங்கன்னு சொன்னே, ஆடல. இப்ப ஆளே இல்லைங்கிறான்!” என்றார் மாமனார்.

மூன்றாம் தடவைக்கு மருமகள் அசைவுகளுக்கே பட்ஜெட் போட்டாள். நிமிடத்துக்கு இரண்டு முறை இமைக்கலாம். ஐந்தாவது நிமிடத்தில் இடது புருவத்தை ஒரு தடவை தூக்கலாம். மாமியார் கேமராவுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்று விரலைக் காட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலாவது நிமிடத்தில் ஓர் ஈ வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது.

மாமனார் கண்ணாலேயே மருமகளிடம் கெஞ்சினார். அவள் பட்ஜெட்டை நினைத்துக்கொண்டு தலையை இடவலமாக ஆட்டினாள். ஈ நெற்றிவரை சாவகாசமாக உலாப் போய், கால்களைத் தேய்த்துக்கொண்டு, மீண்டும் மூக்குக்கே வந்து சேர்ந்தது. அதை ஓட்டாமலே பத்து நிமிடத்தையும் முடித்தார் அந்த மனிதர்.

பதில் வந்தது: ‘ஈ உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. ஆனால் அது எங்கள் பட்டியலில் இல்லை.’

அவ்வளவுதான். மாமனார் வெடித்தார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து, கைகளைச் சுழற்றி, அந்த அலுவலகத்தை மேசை வாரியாகத் திட்டினார். மருமகளின் பார்வை கணக்குப் பேப்பர் மேல் போனது.

“மாமா, நிறுத்தாதீங்க! இதையே கேமரா முன்னாடி சொல்லுங்க. கையைக் கட்டிப்போட வேண்டாம்.”

“படம் போயிடுமே?”

“போகட்டும். அந்த நாற்பத்தெட்டையும் உங்க குரலுக்கே குடுத்துடறேன். படத்துக்குப் பதினாறு போதும்.”

பத்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டினார். சுருக்கிய படத்தில் சாம்பல் நிற மூட்டமும் அதற்குள் சுழலும் ஏதோ இரண்டும்தான் தெரிந்தன. குரல் மட்டும் பல்லைக் கடிப்பதுகூடக் கேட்கும்படி அத்தனை துல்லியம். மொத்தம் நாலு புள்ளி ஒன்பது எம்பி.

மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘பயனாளி உயிருடன் இருக்கிறார். சந்தேகமே இல்லை. பிரிவில் அனைவரும் எழுந்து நின்று கேட்டோம்.’

மாமனார் அதை மருமகளிடம் கொடுத்து இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு சற்றுக் கூச்சத்தோடு, “ஒன்பதாவது நிமிஷத்துல கொஞ்சம் அதிகமா பேசிட்டேனோ?” என்றார்.

“ரெண்டாவது நிமிஷத்துலயே எல்லை தாண்டியாச்சு” என்றார் மாமியார்.