கோழி டாக்டரின் தீர்ப்பு

"ஏம்புள்ள, இதென்ன கண்றாவி?"

தெய்வநாயகி மாத்திரை அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். ஆறு மாத வயிற்றோடு இட்லி தின்றுகொண்டிருந்த மருமகள் மதுமதிக்குக் கை நின்றுபோயிற்று. அது மன அழுத்தத்துக்கான மாத்திரை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சாப்பிடுகிறாள். புருசன் தர்ஷனுக்குத் தெரியும். அம்மா எதிரில் வாயைத் திறக்கத்தான் தெரியாது.

"மருந்துக்கடையில கேட்டேன், புத்தி பேதலிச்சவங்க திங்கற மாத்திரையாமா! வயித்துல இருக்கற சாமிக்கு ஆகுமா? இன்னியோட நிறுத்து."

"டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க அத்தை திங்கறேன். கொஞ்சம் ஆபத்து இருக்குது, பொறந்ததும் கொழந்தைய நாலு நாளு நல்லாக் கவனிக்கோணும்னாங்க. திடீர்னு நிறுத்தினா நோவு திரும்பிரும், அது ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னாங்க."

தெய்வநாயகிக்கு உலகத்தில் நம்பிக்கையான டாக்டர் ஒருவர்தான். அவர்களுடைய பண்ணையின் இருபதாயிரம் கோழிகளைக் காப்பாற்றும் சந்திரசேகர். தன் மூட்டுவலிக்கும் அவரிடமே யோசனை கேட்பாள். அவரும் எப்படியோ தப்பித்து வருகிறார். முட்டை குறைகிறதென்று அன்று காலை வந்திருந்தவரிடம் அட்டையை நீட்டினாள். மதுமதியும் பின்னாலேயே போனாள்.

"இதைச் சினைக்காரிக்குக் குடுக்கலாமுங்களா?"

அவருக்கு வியர்த்துவிட்டது. "நான் கோழி டாக்டருங்க! அவங்க டாக்டர் சொல்றதக் கேளுங்க. நீங்களா நிறுத்தீராதீங்க." சட்டென்று பேச்சை மாற்றினார். "கோழிக்கு வெயிலு தாங்காம ஸ்ட்ரெஸ் ஆயிருச்சுங்க. தண்ணியில மருந்து கலக்கோணும்."

"அடப்பாவமே! இப்பவே கலக்குங்க சாமி" என்று பதறினாள் தெய்வநாயகி. கோழிக்கு மனசு உண்டா என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மதுமதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"கோழி ரெண்டு நாளு முட்டை குறைச்சா டாக்டரு ஓடி வாராரு. காலேஜுல நான் மூணு மாசம் சோறு எறங்காமக் கெடந்தப்ப, எங்கூட்டுல மந்திரிக்கத்தானுங்க கூட்டிட்டுப் போனாங்க."

அட்டையை மாமியார் கையிலிருந்து வாங்கி, ஒரு மாத்திரையை அங்கேயே போட்டுத் தண்ணீர் குடித்தாள். டாக்டர் கோழிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தின்னு தொலை. ஆராச்சும் கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு" என்றாள் தெய்வநாயகி.

அப்போது அவள் அக்கா அங்காளம்மாள் போனில் கூப்பிட்டாள். தெய்வநாயகி பண்ணை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"எங்க கோழிக்கெல்லாம் ஸ்ட்ரெஸ்ஸாமக்கா! மருந்து நடக்குது. மருமவளா? அவளுக்கென்ன, சத்து மாத்திரை தின்னுட்டுக் குத்துக்கல்லாட்டம் இருக்கறா."

மதுமதி போன் பக்கம் குனிந்தாள்.

"சத்து மாத்திரை இல்லீங்க பெரியத்தை. கோழிக்கு வந்ததுதானுங்க எனக்கும்!"