கடவுள் புண்ணியத்தில் நல்லாயிருக்கேன்

டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்து, பிழைக்க வந்த தேசத்தில் பண்ணை முதலாளியிடம் ஒரு நாள் லீவுக்குக் கெஞ்சி, எண்பது மைல் ஓட்டி வந்திருக்கிறாள் ஹசிந்தா. லைசென்ஸ் கிடையாது. போலீஸ் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தாள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இடது அக்குளில் இருந்த கட்டி வேறு உறுத்தியது. அது கிடக்கட்டும், முதலில் புருஷன் எலாதியோவின் கால். இவ்வளவு பாடுபட்டு டாக்டர் முன்னால் உட்கார வைத்தால், அந்த மனுஷன் என்ன சொல்கிறான்?

“கடவுள் புண்ணியத்துல நல்லாயிருக்கேன் டாக்டரம்மா. நீங்க சௌக்கியமா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

மேசைமேல் இருந்த போனிலிருந்து மொழிபெயர்ப்பாளர், அவன் தாய்மொழியில் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் ஒப்பித்தார். டாக்டரம்மா சிரித்தபடி கம்ப்யூட்டரில் தட்டினார்.

“வேற தொந்தரவு ஏதாவது?”

“கால்ல சின்னக் கீறல். அதுவா ஆறிடும்.”

சின்னக் கீறலாம்! பால் கறக்கும் கொட்டகையில் மாடு மிதித்த கால். சர்க்கரை உடம்பு. பூட்ஸைக் கழற்றினால் வீடே நாறுகிறது. ஹசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன்யா, இதைச் சொல்லவா எண்பது மைல் வந்தோம்?”

“சும்மா இரு. அன்பா விசாரிக்கிறாங்க. மூஞ்சிக்கு நேரா புலம்பினா மரியாதையா?”

“மரியாதையாம் மரியாதை! கால் போனப்புறம் மரியாதையை ஊனிக்கிட்டு நடப்பியா?”

“இதையும் அவங்களுக்குச் சொல்லணுமா?” என்று போன் தயங்கியது.

“ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க!” என்று கத்திவிட்டு, கீழே உட்கார்ந்து எலாதியோவின் பூட்ஸையும் காலுறையையும் உருவி எறிந்தாள். நாற்றம் அறையை நிறைத்தது. பெருவிரல் கன்னங்கரேலென்று இருந்தது.

டாக்டரம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உடனே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். விரல் தங்காது, காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார்.

“உங்களுக்கு வீண் சிரமம், மன்னிச்சுக்குங்க,” என்றான் எலாதியோ. ஹசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

ஆம்புலன்ஸ் வந்ததும் டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார்.

“நீங்க எப்படி இருக்கீங்கம்மா? உங்களுக்கு ஏதாவது பாக்கணுமா?”

ஹசிந்தாவின் கை தானாக இடது அக்குளுக்குப் போனது. மூன்று மாதமாக யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

“நல்லாயிருக்கேன் டாக்டரம்மா,” என்றாள். “கடவுள் புண்ணியம்.”

போன் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது.